லினக்ஸ் மேசைக் கணினிக்குக் கைரேகை உள்நுழைவு: காவேரிப்பட்டணத்தில் மாங்காய் சீசனுக்கு முன் முடியுமா?

காவேரிப்பட்டணம்_கணக்கு

எல்லோருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆலையில் ஆறு மேசைக் கணினிகள். ஆறிலும் டெபியன் என்ற லினக்ஸ், மேலே எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான மேசைச் சூழல். பழைய பெட்டிகளிலும் சுணங்காமல் ஓடும் என்று முதலாளியிடம் சொல்லி நான்தான் மாற்றினேன். அதனால் எது ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

மே மாதம் காய் வரத்து தொடங்கிவிட்டால் எடைமேடைக் கணினியில் ஒரு நாளைக்கு நான்கைந்து பேர் மாறி மாறி உட்காருவார்கள். ஆளுக்கொரு கணக்கு போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் வெளியே லாரி வரிசை கட்டி நிற்கும்போது யாரும் வெளியேறி, கடவுச்சொல் அடித்து மறுபடி உள்ளே வருவதில்லை. ஒருவர் திறந்து வைத்த கணக்கிலேயே அடுத்தவரும் பதிவு போடுவார். போன வருடம் ஒரு பெங்களூரா மாங்காய் லோடு இரண்டு தடவை பதிவாகிவிட்டது. யார் பெயரில் கணக்கு திறந்திருந்ததோ அந்தப் பெண்தான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் அவர் சாப்பிடப் போயிருந்தார் என்பது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த மூன்று நாளும் அவர் பட்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இந்த சீசனிலும் அப்படி ஒன்று நடக்கக் கூடாது.

விரலை வைத்தால் திறக்க வேண்டும், எடுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். அதுதான் ஆசை. இணையத்தில் நகத்தளவு யுஎஸ்பி ரீடர் ஒன்று வாங்கினேன். செருகினால் கணினியின் சாதனப் பட்டியலில் வருகிறது. எஃப்பிரிண்ட் என்ற லினக்ஸ் கைரேகை மென்பொருள் மூலம் ரேகை பதியப் போனால் சாதனமே இல்லை என்கிறது. இதற்கு வழி உண்டா, அல்லது இந்த ஆசையை விட்டுவிடலாமா?

ஓசூர்_நிரலர்

அண்ணா, வழி உண்டு. உங்கள் ரீடரில் பழுது எதுவும் இருக்காது. அதோடு பேசத் தெரிந்த இயக்கி லினக்ஸ் பக்கம் இன்னும் எழுதப்படவில்லை.

அடியிலிருந்து சொல்கிறேன். ரீடரோடு நேரடியாகப் பேசுவது லிப்எஃப்பிரிண்ட் என்ற நூலகம். அதற்கு மேலே எஃப்பிரிண்ட்-டி என்ற சேவை பின்னணியில் ஓடும். யாருடைய எந்த விரல் பதிவாகியிருக்கிறது என்பதை அது வைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே பேம் என்ற அங்கீகார அடுக்கு. உள்நுழைவுத் திரை, திரைப்பூட்டு, நிர்வாகி அனுமதி கேட்கும் சூடோ கட்டளை எல்லாமே இந்த ஆளை உள்ளே விடலாமா என்று கேட்பது பேமிடம்தான். மேலே உள்ள இரண்டும் எந்த ரீடருக்கும் மாறாது. அடியில் இருக்கும் இயக்கிதான் ரீடருக்கு ரீடர் வேறு.

இந்தத் திட்டத்தைத் தொடங்கியவர் டேனியல் டிரேக். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது 2007 வாக்கில் தொடங்கினார். இன்று எல்லோரும் பயன்படுத்தும் லிப்யுஎஸ்பி 1.0-ஐ எழுதத் தொடங்கியவரும் அவரே. அப்போது ரீடர் கம்பெனிகள் ஆவணம் எதுவும் தர மாட்டார்கள். கம்பியில் ஓடும் பைட்டுகளைப் பார்த்துப் பார்த்து எழுதியவைதான் முதல் இயக்கிகள். நடுவில் கம்பெனிகளே கைமாறின. ஆத்தன்டெக்கை 2012-ல் ஆப்பிள் வாங்கியது, வேலிடிட்டியை 2013-ல் சினாப்டிக்ஸ் வாங்கியது. 2019-க்குப் பிறகு காற்று கொஞ்சம் மாறியது. சினாப்டிக்ஸ் தன் புதிய சில்லுகளுக்கான இயக்கியைத் தானே கொண்டுவந்து சேர்த்தது. பின்னால் கூடிக்ஸ், எலான் சில்லுகளுக்கும் வந்தது. ஆனால் அவை பெரும்பாலும் மடிக்கணினிக்குள் வைத்து வருகிறவை. மேசைக் கணினிக்குத் தனியாக விற்கும் சின்ன ரீடர்கள் பலவும் வெளியேதான் நிற்கின்றன.

எதை வாங்குவதாக இருந்தாலும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை காட்டும் தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும் எஃப்பிரிண்ட் தளத்தின் ஆதரவுப் பட்டியலோடு ஒப்பிட்டுவிடுங்கள். பெயரை நம்பாதீர்கள். ஒரே பெயரில், ஒரே டப்பாவில், உள்ளே வேறு சில்லு இருக்கும். விற்பவரிடம் எண்ணைக் கேட்டால் சிலர் சொல்வார்கள், சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம்.

என் யோசனை டிஜிட்டல் பெர்சோனா யு.ஆர்.யு. 4500. வங்கி மேசைகளில் பார்த்திருப்பீர்கள். மாதிரி பழையது, பழைய சாமான் சந்தையிலும் கிடைக்கும். லிப்எஃப்பிரிண்ட்டில் யுஆர்யு4000 என்ற பெயரில் அதற்கு இயக்கி இருக்கிறது. கண்ணாடி 14.6 மி.மீ.க்கு 18.1 மி.மீ., அங்குலத்துக்கு 512 புள்ளி. நகத்தளவு ரீடரோடு ஒப்பிட்டால் இது ஒரு மைதானம். விரலின் பெரும் பகுதி ஒரே படத்தில் விழும்.

தருமபுரி_இசேவை

நான் தருமபுரி பஸ் நிலையம் பக்கம் சேவை மையம் வைத்திருக்கிறேன். ஆதாருக்கு எல்-1 ரகக் கைரேகை மிஷின்தான் வேண்டும் என்று ஆன பிறகு, பழைய எல்-0 மிஷின் மூன்று மேசை டிராயரில் கிடக்கிறது. நன்றாக வேலை செய்கிறவை. காசு கொடுத்து வாங்கியது, தூக்கிப் போட மனசு வரவில்லை. காவேரிப்பட்டணம் அண்ணனுக்கு அதைக் கொடுத்தால் ஆகுமா?

ஓசூர்_நிரலர்

உங்கள் மனசுக்கு நன்றி. இன்றைக்கு அப்படியே செருகினால் ஓடாது. ஆதாருக்குப் பரவலாக விற்ற ரீடர்களில் நான் தேடிப் பார்த்த எதற்கும் லிப்எஃப்பிரிண்ட்டில் இயக்கி இல்லை.

ஆனால் உங்கள் டிராயரில் இருப்பது எல்-0 என்பது முக்கியமான விஷயம். ஆதார் முறையில் ரேகை விவரம் ஆதார் ஆணையத்தின் திறவுகோலால் பூட்டப்பட்டுத்தான் வெளியே போகும். எல்-1 மிஷினில் அந்தப் பூட்டு ரீடருக்குள்ளேயே விழுந்துவிடும். கம்பியில் வருவதை நாம் படிக்க முடியாது, படிக்கவும் கூடாது. எல்-0-ல் பூட்டு விழுவது கணினியில் ஓடும் மென்பொருளில். ரீடர் ஒரு கேமரா மாதிரிதான் படத்தை அனுப்புகிறது. அப்படியானால் அதற்கு ஒரு திறந்தமூல இயக்கி எழுத வாய்ப்பு உண்டு. உட்கார்ந்து எழுத ஆள்தான் வேண்டும்.

பர்கூர்_இறுதியாண்டு

நான் எழுதிப் பார்க்கட்டுமா? பர்கூரில் பொறியியல் இறுதியாண்டு. திட்டப்பணிக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கிறேன். சி மொழி தெரியும், யுஎஸ்பி பற்றிப் புத்தக அறிவு மட்டும்தான். எங்கே தொடங்குவது என்று சொன்னால் போதும், மீதியைத் தேடிக்கொள்வேன்.

ஓசூர்_நிரலர்

தாராளமாகத் தொடங்கும்மா. லினக்ஸ் கணினியில் விண்டோஸை மெய்நிகர் இயந்திரமாக ஏற்று. ரீடரை அதற்குள் விட்டு, கம்பெனி கொடுத்த மென்பொருளிலேயே ஒரு ரேகை எடு. அந்த நேரத்தில் வெளியே லினக்ஸ் பக்கம் யுஎஸ்பி போக்குவரத்தைக் காட்டும் யுஎஸ்பிமான் கூறை ஏற்றி, வயர்ஷார்க் என்ற மென்பொருளில் எல்லாவற்றையும் பதிவு செய். முதலில் சின்னச் சின்னக் கட்டளைகள் போய் வரும், பிறகு ஒரே மூச்சில் பெரிய தரவு வரும். அதுதான் படம். விரல் வைக்காமல் ஒரு பதிவு, வைத்து ஒரு பதிவு, அதே விரலை இன்னொரு தடவை வைத்து ஒரு பதிவு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மாறுகிறது, எது மாறவில்லை என்று பார். இந்தப் பார்வைக்கே இரண்டு வாரம் கொடு. அவசரப்பட்டு நிரல் எழுத உட்காராதே.

பெரிய தரவு எந்தப் பதிவிலும் ஒரே அளவாக இருந்தால் நல்ல சகுனம், சுருக்காத படமாக இருக்கலாம். அப்போது அகலம் எவ்வளவு என்று ஊகித்து ஊகித்து வரை. தப்பான அகலத்தில் ரேகை சாய்ந்து சாய்ந்து ஓடும், சரியான அகலத்தில் நிமிர்ந்துவிடும். வெறும் இரைச்சலாகவே இருந்தால் மறைகுறியாக்கம் இருக்கலாம். யு.ஆர்.யு. ரீடரிலும் அந்தத் தொல்லை இருந்தது. ரீடருக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேரில் ஒரு பிட்டை அணைத்து மறைகுறியாக்கத்தை நிறுத்தினார்கள். அது பலிக்காத மாதிரிகளுக்கு, வரும் படத்தை அவிழ்க்கும் நிரலைப் பிறகு சேர்த்தார்கள். அந்த ஒரு கோப்பைப் பொறுமையாகப் படித்தாலே ஒரு பருவப் பாடம் படித்த மாதிரி.

அப்புறம், லிப்எஃப்பிரிண்ட் நிரல் ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் கிட்லேப் களஞ்சியத்தில் இருக்கிறது. 2019 முடிவில் உள்கட்டமைப்பை மாற்றி ஜிஆப்ஜெக்ட் என்ற நிரல் முறைக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முந்தைய வழிகாட்டிகள் தேடலில் நிறைய வரும், அவற்றைப் பின்பற்றினால் நிரல் தொகுக்கவே தொகுக்காது.

பென்னாகரம்_ஆசிரியர்

இடையில் ஒரு சந்தேகம் வரலாம். கம்பெனி மென்பொருள் பேசுவதை ஒட்டுக்கேட்டு இயக்கி எழுதுவது சட்டப்படி சரியா என்று மாணவியின் துறைத் தலைவர் கட்டாயம் கேட்பார். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் பிரிவு 52(1)(ஏபி) இருக்கிறது. முறைப்படி மென்பொருளை வைத்திருப்பவர், தனியாக உருவாக்கிய இன்னொரு நிரல் அதோடு இணைந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறச் செய்யும் செயலை அது பதிப்புரிமை மீறலாகக் கருதுவதில்லை. அந்தத் தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்கவில்லை என்பது நிபந்தனை. கம்பெனிக்கு ஆவணம் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதைத் திட்ட அறிக்கையில் இணைத்துவிடு. உரிம ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படித்து வை. கம்பெனி நிரலின் வரிகளை எடுத்து உன் நிரலில் ஒட்டுவது மட்டும் கூடவே கூடாது.

கைரேகையைப் பதிந்து வைத்துத் தேடும் முறை வளர்ந்ததில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1897-ல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. ஹென்றி முறை என்று உலகம் அழைக்கும் வகைப்பாட்டுக்குப் பின்னால் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு பேருடைய உழைப்பு இருக்கிறது. கைநாட்டு என்ற சொல்லை நம் ஊரில் இழிவாகவே பேசிப் பழகிவிட்டோம். என் அப்பாவும் கைநாட்டுதான். இந்த வேலையைப் பற்றிப் படிக்கும்போது அவர் நினைவு வந்தது.

பாலக்கோடு_பட்டு

நான் கணினி ஆள் கிடையாது. பாலக்கோட்டில் எங்கள் வீட்டில் பட்டுநூல் எடுக்கிறோம். தருமபுரி அங்காடியில் கூடு எடுத்து வந்து சுடுதண்ணீரில் போட்டு நூல் பிடிப்போம். காலையிலிருந்து மதியம் வரை விரல் தண்ணீரில்தான். என் அம்மாவுக்கு இப்போது ரேஷன் கடையில் ரேகை விழுவதே இல்லை. ஒவ்வொரு மாதமும் எல்லா விரலையும் வைத்துப் பார்த்து, எண்ணெய் தடவி, துடைத்து, மறுபடி வைத்து, பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுத்து, கடைசியில் அவர் தலை குனிந்து நிற்பார். மாங்காய் ஆலையில் காய் அரிகிற பெண்களுக்கும் பால் பட்டுப் பட்டுத் தோல் உரிந்துபோயிருக்கும், எனக்குத் தெரியும்.

அண்ணா, நீங்கள் நல்லதற்குத்தான் செய்கிறீர்கள். ஆனால் ரேகை விழாதவர் வேலைக்கே வர முடியாது என்று ஆகிவிடக் கூடாது. வேறு ஒரு வாசலும் இருக்க வேண்டும்.

ஓசூர்_நிரலர்

அக்கா சொன்னதுதான் இந்த இழையில் முதலில் எழுதியிருக்க வேண்டிய விஷயம்.

ரேகை விழவில்லை என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். படம் வந்ததும் லிப்எஃப்பிரிண்ட் அதில் இரண்டு வகைப் புள்ளிகளைத் தேடும்: ஒரு கோடு முடியும் இடம், ஒரு கோடு இரண்டாகப் பிரியும் இடம். இதைச் செய்வது மைண்ட்டெக்ட் என்ற நிரல். பதிந்து வைத்த புள்ளிகளோடு புதிய புள்ளிகளை ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது போசோர்த்3. இரண்டும் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட நிரல்தொகுப்பிலிருந்து வந்தவை. இயல்பாக 40 மதிப்பெண் வந்தால் அதே விரல் என்று எடுத்துக்கொள்ளும். சில சின்ன ரீடர்களின் இயக்கியில் இந்த வரம்பைக் குறைத்து வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அவ்வளவு சின்னப் படத்தில் புள்ளிகளே போதாது. வரம்பைக் குறைத்தால் தவறான விரலுக்கும் கதவு திறக்கும் வாய்ப்பு கூடும்.

தோல் தேய்ந்தால் கோடு அங்கங்கே அறுந்து தெரியும். அறுந்த ஒவ்வொரு இடத்தையும் ஒரு முடிவுப் புள்ளி என்று நிரல் நினைத்துக்கொள்ளும். ஊறிய விரலில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இல்லாத பிரிவுகள் தோன்றும். மனிதர் அதே மனிதர்தான், நிரலுக்கு வேறு ஆளாகத் தெரிகிறார். அம்மா தலை குனிய வேண்டியதே இல்லை அக்கா. அது அந்த இயந்திரத்தின் போதாமை.

கணக்கு அண்ணன் செய்யக்கூடியவை சில உண்டு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல்தான் வேலையில் அதிகம் தேயும். மோதிர விரல், இடதுகை விரல்களைப் பதிந்து பாருங்கள். ஒருவருக்குப் பத்து விரலும் பதியலாம். பதியும்போது ஐந்து தடவை விரல் வைக்கச் சொல்லும். ஐந்தையும் ஒரே மாதிரி வைக்காமல் கொஞ்சம் நகர்த்தி, சாய்த்து வையுங்கள். காலை வேலை தொடங்கும் முன் ஒரு விரல், மதியம் கழுவிய பிறகு இன்னொரு விரல் என்று பதிவதும் நல்லது. அப்படியும் விழாதவர்களுக்கு எஃப்ஐடிஓ யுஎஸ்பி சாவி கொடுங்கள். செருகித் தொட்டால் போதும், ரேகை வேண்டாம், பேம்-யு2எஃப் என்ற கூறு பார்த்துக்கொள்ளும். அடையாள அட்டையோடு கழுத்தில் தொங்கவிடலாம். கடவுச்சொல் எப்போதும் எல்லோருக்கும் இருக்கட்டும்.

ஊத்தங்கரை_சிஸ்டம்

ஒரு மாற்றுக் கருத்து. ரேகை ரகசியம் கிடையாது. டீ கிளாஸில், கதவுப்பிடியில், எடைமேடைக் கம்பியில் நாள் முழுக்க விட்டுவிட்டுப் போகிறோம். 2002-லேயே யோக்கஹாமாவில் மாட்சுமோட்டோ குழு ஜெலட்டினில் விரல் வார்த்து ரீடர்களை ஏமாற்றிக் காட்டியது. கடவுச்சொல் வெளியானால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது.

இன்னொன்று. யு.ஆர்.யு. மாதிரி ரீடரில் ஒப்பீடு நடப்பது கணினியில். பதிந்த ரேகையின் விவரமான வார்ப்பு, வார் கோப்புறையின் கீழே எஃப்பிரிண்ட் என்ற இடத்தில் கோப்பாகக் கிடக்கும். நிர்வாகிக் கணக்கான ரூட் மட்டும்தான் படிக்கலாம், ஆனால் மறைகுறியாக்கம் கிடையாது. வன்தட்டைக் கழற்றிக்கொண்டு போனவருக்கு அது திறந்த புத்தகம். வட்டு முழுக்க மறைகுறியாக்காமல் இதைச் செய்ய வேண்டாம். ஒப்பீட்டைச் சில்லுக்குள்ளேயே செய்யும் ரீடர் நல்லதுதான், ஆனால் அதுவும் முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது. 2023-ல் பிளாக்விங் என்ற பாதுகாப்பு ஆய்வுக் குழு, விண்டோஸின் ரேகை உள்நுழைவு வசதியான விண்டோஸ் ஹலோவோடு வந்த மூன்று மடிக்கணினிகளின் ரேகை உள்நுழைவைத் தாண்டிக் காட்டியது. அதில் ஒன்றில், லினக்ஸ் பக்கமிருந்து தன் விரலைப் பதிந்து விண்டோஸ் கணக்கைத் திறந்தார்கள்.

நான் வேண்டாம் என்று தடுக்கவில்லை. எடைமேடையில் யார் உட்கார்ந்தார் என்று தெரிந்துகொள்ள இது போதும். முதலாளியின் வங்கிக் கணக்கு இருக்கும் கணினியில் வைக்காதீர்கள்.

காவேரிப்பட்டணம்_கணக்கு

எல்லோரும் இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. ஒரு மாதம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வேலையாட்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசினேன். ரேகை எங்கே இருக்கும், எதற்கு, வேலையை விட்டுப் போனால் எப்படி அழிப்போம், பிடிக்காதவர் தர வேண்டியதில்லை என்று தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் சட்டம் வந்துவிட்டது என்று முதலாளியிடம் எடுத்துச் சொன்னதால் அவரும் மறுப்புச் சொல்லவில்லை. பதினோரு பேரில் ஒன்பது பேர் சம்மதித்தார்கள். மற்ற இருவரிடம் காரணம் கேட்கவில்லை.

யு.ஆர்.யு. 4500 ஒன்று பழையது கிடைத்தது. எண்ணைச் சரிபார்த்துத்தான் வாங்கினேன். எஃப்பிரிண்ட்-டியும் அதன் பேம் கூறும் நிறுவி, பேம் அமைப்பை மாற்றும் பேம்-ஆத்-அப்டேட்டில் கைரேகையைத் தேர்ந்தெடுத்தேன். ரேகை உடனே பதிந்தது. அந்த நிமிடம் நான் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

பிறகுதான் தொல்லைகள். லைட்டிஎம் உள்நுழைவுத் திரையில் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் முதலில் விரலுக்காகவே காத்திருக்கிறது. கடவுச்சொல் அடிக்கிறவர் அடித்துவிட்டு நிற்கிறார், கொஞ்ச நேரம் ஒன்றும் நகரவில்லை. கணினி தொங்கிவிட்டது என்று நினைத்து ஒருவர் மின்சாரத்தையே அணைத்துவிட்டார். பேம் வரியில் காத்திருப்பு நேரம் 10 விநாடி, அதற்குக் கீழே போக விடாது. ஜிஎன்ஓஎம்இ என்ற மேசைச் சூழலின் ஜிடிஎம் உள்நுழைவுத் திரையில் விரலும் கடவுச்சொல்லும் ஒரே நேரத்தில் காத்திருக்குமாம், ஆனால் எங்கள் பெட்டிகள் ஜிஎன்ஓஎம்இ-யைத் தாங்காது.

விரலை வைத்ததும் யார் என்று அதுவே கண்டுபிடிக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முதலில் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகுதான் அந்தப் பெயருக்குரிய விரலா என்று பார்க்கும். டெபியனில் பெயர்ப் பட்டியல் மறைந்திருக்கும், லைட்டிஎம் அமைப்பில் அதைத் திறந்துவிட்டேன். விரலை எடுத்தால் பூட்டும் ஆசையும் நடக்கவில்லை, கேட்கும்போது மட்டும்தான் ரீடர் பார்க்கும். அதற்குப் பதில் எஃப்12 விசையில் டிஎம்-டூல் கட்டளையை வைத்தேன். எழுந்து போகிறவர் எஃப்12 அழுத்தினால் உள்நுழைவுத் திரை வந்துவிடும், அவருடைய வேலை பின்னால் அப்படியே இருக்கும். இப்போது அதுவே பழகிவிட்டது.

ரேகையால் உள்ளே போனால், சேமித்த கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் கீரிங் திறக்காமல் தனியாகக் கடவுச்சொல் கேட்கிறது. அதைத் திறக்கும் சாவியே கடவுச்சொல்தான் என்பதால் விரலால் ஆகாது என்று புரிந்தது. எடைமேடைக் கணினியில் கீரிங் தேவைப்படும் எதையும் வைக்கவில்லை.

ஒன்பது பேரில் இரண்டு பெண்களுக்கு எந்த விரலும் நிலையாக விழவில்லை. பாலக்கோடு அக்கா முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நான் தடுமாறவில்லை. அவர்களுக்கும், ரேகை தர விரும்பாத இருவருக்கும் தொடு சாவி கொடுத்துவிட்டேன். நால்வரிடமும் ஒரே மாதிரி சாவி இருப்பதால் யாருக்கு ரேகை விழவில்லை என்று வெளியே தெரியாது.

போன வருடம் பேச்சு வாங்கிய அந்தப் பெண்தான் முதலில் விரல் வைத்தார். இடதுகை மோதிர விரல்.

பர்கூர்_இறுதியாண்டு

தருமபுரி அண்ணன் கொடுத்த எல்-0 ரீடரிலிருந்து நேற்று இரவு முதல் படம் வந்தது!

நடந்ததை எழுதுகிறேன், பின்னால் யாராவது செய்தால் உதவும். விரல் வைத்தாலும் வைக்காவிட்டாலும் பெரிய தரவு ஒரே அளவு, 1,08,000 பைட். சுருக்காத படமாக இருக்கும் என்று அப்போதே தெம்பு வந்தது. 320 அகலம் வைத்து வரைந்தேன், கோடுகள் சாய்ந்து ஓடின. 300 வைத்ததும் நிமிர்ந்துவிட்டன. 300-க்கு 360. ஆனால் படம் முழுக்க மங்கல். மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு, கம்பெனி மென்பொருள் படம் கேட்பதற்கு முன் அனுப்பும் ஒரு சின்னக் கட்டளையை நான் தேவையில்லை என்று விட்டிருந்தது தெரிந்தது. விளக்கின் வெளிச்சத்தை அமைக்கும் கட்டளை போலிருக்கிறது. அதைச் சேர்த்ததும் கோடுகள் பளிச்சென்று வந்தன. ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தெரிந்தது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

இப்போது லிப்எஃப்பிரிண்ட்டின் பட இயக்கி வடிவத்துக்குள் அதைக் கொண்டுவருகிறேன். படத்தை மட்டும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் புள்ளி தேடுவதும் ஒப்பிடுவதும் நூலகமே செய்துகொள்கிறது, அது பெரிய நிம்மதி. எல்-0 மாதிரி வைத்திருக்கும் மற்றவர்கள் சாதன எண்ணை மட்டும் இங்கே எழுதுங்கள், ஒரே சில்லு எத்தனை பெயரில் இருக்கிறது என்று பார்க்கலாம்.

ஓசூர்_நிரலர்

அருமைம்மா. படிக்கவே மனசு நிறைந்தது.

ஒரு எச்சரிக்கை. இயக்கியைத் திட்டத்துக்கு அனுப்பும்போது ஒரு சோதனையும் சேர்த்துத் தரச் சொல்வார்கள். ரீடர் கையில் இல்லாதவரும் இயக்கியை ஓட்டிப் பார்க்க, யுஎஸ்பி பதிவை உமாக்டெவ் என்ற கருவி மூலம் திரும்ப ஓட்டுவார்கள். அந்தப் பதிவில் இருக்கும் ரேகை களஞ்சியத்தில் உலகம் முழுக்க என்றைக்கும் இருக்கும். உன் விரல், அம்மா விரல், யாருடையதும் வேண்டாம். முழங்கை, விரல் கணு என்று ஏதாவது வைத்துப் பதிவு செய்.

இன்னொன்றும் கேட்கிறேன். நம் பக்கத்து விரல்களில் இயக்கி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். உன் கல்லூரி நண்பர்களின் விரலில் எல்லாம் நன்றாகத்தான் விழும். கிரானைட் பட்டறை, பட்டுநூல், மாங்காய் என்று தேய்ந்த விரல்களில் சோதித்தால்தான் வெளிச்சத்தை எவ்வளவு வைப்பது, எத்தனை படம் எடுத்து நல்லதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியும்.

பர்கூர்_இறுதியாண்டு

சரி அண்ணா. முழங்கை யோசனை நல்லது, அப்படியே செய்கிறேன்.

பாலக்கோடு அக்கா, உங்கள் அம்மாவும் உங்களோடு நூல் எடுக்கிறவர்களும் சம்மதித்தால் ஒரு நாள் ரீடரோடு வரலாமா? படங்களை என் கணினியில் மட்டும், மறைகுறியாக்கி வைப்பேன். வேலை முடிந்ததும் உங்கள் முன்னாலேயே அழித்துவிடுவேன். பெயர் எதுவும் எழுத மாட்டேன். நூல் எடுப்பதற்கு முன் ஒரு தடவை, எடுத்து முடித்ததும் ஒரு தடவை விரல் வைத்தால் போதும்.

பாலக்கோடு_பட்டு

வாம்மா. அம்மாவிடம் கேட்டேன், எனக்கு ரேகை விழாது என்றுதான் முதலில் சொன்னார். விழாத விரல்தான் அந்தப் பெண்ணுக்கு வேண்டுமாம் என்றேன். சரி வரச் சொல் என்றார்.

வியாழக்கிழமை கூடு வருகிறது, காலை ஆறு மணிக்கெல்லாம் அடுப்பு மூட்டிவிடுவோம். அதற்கு முன்னால் எடுக்க வேண்டும் என்றால் புதன் இரவே வந்து தங்கிவிடு. ஐந்தாறு பேர் இருப்பார்கள், சொல்லி வைக்கிறேன்.